சுழியோடிவிட்டு அன்றிரவே மலையேறாதீர்கள்

மட்டக்களப்பிலோ திருகோணமலையிலோ சிலிண்டர் போட்டுக் கடலுக்குள் இறங்கிவிட்டு அன்றைக்கே நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளை என்று வீடு திரும்பும் திட்டம் யாருக்காவது இருந்தால், இதை முழுதாக வாசித்துவிட்டுப் போங்கள். எனக்கு இதைச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. கடலில் எனக்கு எந்த ஆபத்தும் நேரவில்லை. நேர்ந்ததெல்லாம் மேலே வருகிற வழியில், வான் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தபோதுதான்.

கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் வரலாறு படிப்பிக்கிறேன். அம்மாவின் ஊர் மஸ்கெலியா. 1969இல் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் வந்தபோது பழைய மஸ்கெலியா டவுன் தண்ணீருக்குள் போய்விட்டது. வரட்சிக் காலத்தில் நீர்மட்டம் இறங்கினால் பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் வெளியே தெரியும், சனம் போய்க் கும்பிட்டுவிட்டு வரும். சின்ன வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கோயில் படியில் நின்றதிலிருந்தே தண்ணீருக்கடியில் கிடப்பவற்றின்மேல் எனக்கொரு ஆசை. பிறகு பாடம் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்ததும் 1942 ஏப்ரல் 9 என்ற திகதி மனதில் ஏறிவிட்டது. அன்றைக்கு ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கிவிட்டு, மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பலையும் அதோடு வந்த வம்பயர் என்ற அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலையும் மூழ்கடித்தன. ஹேர்மிஸில் மட்டும் முந்நூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அது கிடப்பது ஐம்பது மீற்றருக்கும் கீழே, என்னைப் போன்றவர்கள் போகக்கூடிய ஆழமில்லை. ஆனால் அதே நாளில் அடிபட்ட பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் இன்னும் வடக்கே, இருபத்தைந்து மீற்றர் ஆழத்தில் கிடக்கிறது. முப்பது மீற்றர் வரை இறங்கலாம் என்ற இரண்டாம் படிச் சான்றிதழ் இருந்தால் அதைப் பார்க்கலாம். அந்தச் சான்றிதழுக்காகச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, பாடசாலை விடுமுறைகளில் கீழே போய்ப் பழகினேன். லயத்தில் பலர் பலவிதமாகப் பேசினார்கள். கல்யாணம் கட்டாத பொம்பளைப் பிள்ளைக்குக் கடலுக்கடியில் என்ன வேலை என்று கேட்டார்கள். அம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

கப்பலைப் பற்றி இங்கே நிறைய எழுதப் போவதில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு பச்சை நிறத்துக்குள் இறங்க இறங்க, கீழே ஒரு இருட்டுத் திட்டு தெரிந்தது. கிட்டப் போனதும் அது இரும்பானது. தகடு, குழாய், குழாயின் வாய்க்குள் ஆளைப் பார்த்தபடி ஒரு கலவா மீன். என் முழங்கை தட்டிய இடத்தில் துரு தூள் தூளாகக் கிளம்பி, மெதுவாகத் திரும்பவும் படிந்தது. சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கும் ரெகுலேட்டர் வாயில் இருக்கும்போதே எனக்கு அழுகை வந்தது. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும்: அடியில் தண்ணீர் எதிர்பார்த்ததைவிடக் குளிர்ந்திருந்தது. மேலே இளஞ்சூடு, இருபது மீற்றர் தாண்டியதும் சட்டென்று குளிர். என் உடையோ மெல்லியது. இரண்டாவது முறையும் இறங்கி மேலே வந்தபோது பல் அடித்துக்கொண்டது. ஈர உடையோடு படகில் காற்று வாங்கியபடியே கரைக்கு வந்தேன். மலைநாட்டுக்காரிக்குக் குளிர் ஒரு பொருட்டா என்று அப்போது நினைத்தேன். பிறகுதான் தெரியவந்தது, கடலுக்குள் இறங்கியவருக்கு உடம்பு குளிர்வது வேறு கணக்கு என்று. உடல் குளிர்ந்தால் கை கால்களுக்கு இரத்த ஓட்டம் சுருங்கும். ஆழத்தில் உடம்பில் சேர்ந்த நைதரசன் வெளியேறுவதும் தாமதமாகும். அதனால் காய்ந்த துவாயும் ஒரு ஜம்பரும் படகிலேயே இருக்க வேண்டும். மேலே வந்ததும் ஈரத்தைக் கழற்றிவிட வேண்டும்.

கரைக்கு வந்ததும் வழிகாட்டியாக வந்த தம்பி இறங்கிய ஆழத்தையும் நேரத்தையும் காட்டும் இரவல் டைவ் கொம்பியூட்டரை என் கையிலிருந்து கழற்றினார். அதன் திரையில் சின்னதாக ஒரு விமானப் படம், பக்கத்தில் மணிக்கணக்கு. "இது என்ன?" என்று கேட்டேன். "அது பிளைட்டுக்கு டீச்சர். இந்த நேரம் முடியுமட்டும் பறக்கக் கூடாது. உங்களுக்கு பிளைட் இருக்கா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப பிரச்சினை இல்ல" என்று பெட்டிக்குள் போட்டுவிட்டார். காலையில் நிரப்பிய படிவத்திலும் இதே கேள்விதான் இருந்தது: அடுத்த விமானம் எப்போது? அதற்குக் கோடு போட்டிருந்தேன். அந்தத் தம்பியை நான் குறை சொல்லவில்லை. அவரிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் கட்டுநாயக்காவில் விமானம் ஏறப்போகும் வெளிநாட்டுக்காரர்கள். நுவரெலியாவிலிருந்து ஒரு டீச்சர் வான் பிடித்து வந்து, அன்றிரவே திரும்பிப் போவாள் என்று அந்தப் படிவத்தை எழுதியவர் யோசிக்கவில்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். விமானம் முப்பதாயிரம் அடிக்கு மேல் பறந்தாலும் உள்ளே காற்றை அமுக்கித்தான் வைத்திருப்பார்கள். அதிகபட்சமாக ஏறக்குறைய 2,400 மீற்றர் உயர மலையில் இருக்கும் அமுக்கம் அதற்குள் இருக்கும். பல விமானங்களில் அதைவிடத் தாழ்ந்த உயரத்தின் அமுக்கமே இருக்கும். நுவரெலியா நகரம் 1,868 மீற்றர். அதாவது நாங்கள் சமைத்துச் சாப்பிட்டு நித்திரை கொள்ளும் இடமே பறக்கும் விமானத்தின் உட்புறம் மாதிரித்தான், அங்கே காற்றமுக்கம் கடற்கரையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இருபத்தைந்து மீற்றர் ஆழத்தில் அமுக்கம் கடல்மட்டத்தைப் போல மூன்றரை மடங்கு. அங்கே சுவாசிக்கும் காற்றின் நைதரசன் இரத்தத்திலும் கொழுப்பிலும் மூட்டுகளிலும் கரைந்து ஏறிவிடும். மேலே வந்த பிறகும் அது மணிக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியேறும். அதற்குள் அமுக்கம் இன்னும் குறைந்த இடத்துக்குப் போனால், சோடாப் போத்தலைத் திறந்தது போல அது உடம்புக்குள்ளேயே குமிழியாகிவிடும். டிகம்ப்ரஷன் சிக்னஸ் என்பது இதுதான், சுழியோடிகள் பெண்ட்ஸ் என்பார்கள். உடம்புக்கு விமானம் என்றும் வான் என்றும் வித்தியாசம் தெரியாது, உயரம் மட்டுந்தான் தெரியும்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பினோம். என்னோடு வந்த இரண்டு டீச்சர்மாரும் கடலுக்குள் இறங்கவில்லை, பாசிக்குடாவில் கால் நனைத்ததோடு சரி. செங்கலடியில் திரும்பினால் ஏ5 வீதி. மகா ஓயா, பிபிலை வரை சமதரை மாதிரித்தான். லுணுகலையிலிருந்து வளைவுகள் ஆரம்பிக்கும். பசறை தாண்டி பதுளைக்கு வந்தபோது இருட்டிவிட்டது. பதுளை ஏறக்குறைய 680 மீற்றர். அங்கே ரொட்டி சாப்பிட இறங்கினோம், என்னால் சாப்பிட முடியவில்லை. சாதாரண அலுப்பில்லை அது, எலும்புக்குள் ஈயம் ஊற்றியது போன்ற சோர்வு. வெலிமடை கழிந்து ஏறும்போது இடது தோளுக்குள் ஆழத்தில் ஒரு வலி தொடங்கியது. அமுக்கினாலும் கூடவில்லை, அசைத்தாலும் குறையவில்லை, எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அப்படியே இருந்தது. ஹக்கலை வரும்போது வலி முழங்கைக்கு இறங்கியிருந்தது. டிரைவர் அண்ணன், "சிலிண்டர் தூக்கினதுல சுளுக்கு புடிச்சிருக்கும் டீச்சர்" என்றார். நானும் அப்படித்தான் நம்பினேன். சுளுக்கென்றால் ஒரு பக்கம் திரும்பும்போது கூடும், ஒரு பக்கம் குறையும். இந்த வலிக்கு அப்படி ஒரு பக்கம் இல்லை. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வரும்போது அம்மா விறகடுப்பில் அண்டா நிறைய வெந்நீர் காய வைத்திருந்தார். கடலுப்பும் குளிருமாக வந்தவளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அள்ளி அள்ளி ஊற்றினேன். குளித்து முடித்ததும் வயிற்றிலும் தொடையிலும் அரிப்பு. விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் தோல் சிவப்பும் நீலமுமாகத் திட்டுத் திட்டாக, பளிங்குக் கல்லில் ஓடும் கோடுகள் போல இருந்தது. சூடான குளியல் குமிழி உண்டாவதைத் தூண்டக்கூடும் என்பதால் சுழியோடிய கையோடு வேண்டாம் என்பார்கள், இதுவும் எனக்குப் பிறகு தெரிந்ததுதான். அம்மா எண்ணெய் காய்ச்சித் தோளில் தேய்த்துவிட்டார். பனடோல் போட்டுக்கொண்டு படுத்தேன். நித்திரை வரவில்லை. விடியற்காலையில் இடது கையின் கடைசி இரண்டு விரல்களும் மரத்திருந்தன. பாடசாலைக்குப் போகச் சேலை கட்டினேன். தோளில் மடிப்பைப் பிடித்து ஊசி குத்த வேண்டும், ஊசி கையில் இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது, விரலுக்குத் தெரியவில்லை. குத்தியது சேலையிலா விரலிலா என்று இரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அப்போதுதான் பயம் வந்தது. இந்தக் கை இப்படியே நின்றுவிட்டால் என்ன செய்வேன் என்ற பயம், வெறும் வலிக்கு வருகிற பயமில்லை.

பக்கத்து ஆஸ்பத்திரியில் வெளிநோயாளர் வரிசையில் காத்திருந்து உள்ளே போனேன். தோள் வலி என்றேன். என்ன வேலை, ஏதும் பாரம் தூக்கினீர்களா என்று கேட்டார் அங்கிருந்த டொக்டர். நோவுக்கு ஊசி போட்டு, அரிப்புக்கு அலர்ஜி மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார். தோட்டத்தில் கொழுந்துக்கூடை தூக்கித் தோள் நோகிறவர்கள் நாள் முழுக்க அவரிடம் வருகிறார்கள், கடலிலிருந்து வந்தவள் என்று அவர் எப்படி நினைப்பார்? ஆகவே எந்த டொக்டரிடம் போனாலும் வலியைச் சொல்வதற்கு முன்பே இதைச் சொல்லுங்கள்: "நேற்று சிலிண்டர் போட்டு இத்தனை மீற்றர் ஆழம், இத்தனை முறை இறங்கினேன், கடைசியாக இத்தனை மணிக்கு மேலே வந்தேன், அன்றைக்கே மலைக்கு ஏறினேன். டிகம்ப்ரஷன் சிக்னஸ் என்று சந்தேகப்படுகிறேன்." பேச வராது என்றால் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். நோவு மாத்திரையால் வலி தணிந்தாலும் குமிழி போய்விடாது. அன்று மத்தியானம் வலி குறைந்ததைப் பார்த்துச் சரியாகிவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன், மாலையில் கை முழுவதும் ஊசி குத்துவது போலாகிவிட்டது.

அந்த நிலையில் வழிகாட்டித் தம்பிக்குப் போன் எடுத்தேன். தோள், விரல், தோல் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் இடைமறித்து, "டீச்சர், நீங்க இப்ப எங்க நிக்கிறீங்க?" என்று கேட்டார். "வீட்டில, நுவரெலியாவில" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அவர் சொன்னதெல்லாம் சரியாக இருந்தது, அதற்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போய் நூறு வீத ஒட்சிசன் கேட்கச் சொன்னார், மூக்குக் குழாயில் அல்ல, பை வைத்த மாஸ்க்கில். படுத்தே இருக்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், மேலே ஏறும் எந்த வழியிலும் போகக்கூடாது. டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற சர்வதேச அமைப்பின் அவசர இலக்கத்துக்கும் அவரே பேசி, அங்கிருந்த மருத்துவரோடு எங்கள் ஆஸ்பத்திரி டொக்டரைப் பேச வைத்தார். ஒட்சிசன் ஏறி அரை மணித்தியாலத்தில் தோள் வலி பாதியானது. இதிலும் ஏமாந்துவிடாதீர்கள், ஒட்சிசன் முதலுதவி மட்டும்தான். வலி முழுதாகப் போனாலும், அமுக்கத்தைக் கூட்டி ஒட்சிசன் கொடுக்கும் அமுக்க அறைக்குப் போகத்தான் வேண்டும், இல்லாவிட்டால் திரும்பி வரும்.

அந்த அமுக்க அறை திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் இருக்கிறது. நுவரெலியாவிலிருந்து திருகோணமலை என்றால் எல்லோரும் கண்டி வழியைத்தான் சொல்வார்கள். ஆனால் கண்டிக்குப் போக முதலில் டொப்பாஸ் என்ற மேட்டில் ஏறி அப்புறம்தான் றம்பொடைக்கு இறங்க வேண்டும். குமிழியோடு இருப்பவரை இன்னும் உயரத்துக்கு ஏற்றக்கூடாது. அதனால் வெலிமடைப் பக்கமாகவே இறக்கிக் கொண்டுபோகச் சொன்னார்கள். பதுளை, மகியங்கனை, பொலன்னறுவை, ஹபரணை, கந்தளாய் என்று இரவு முழுதும் அம்புலன்சில் படுத்தபடி போனேன். தூரம் கூடினாலும் உயரம் கூடவில்லை. மலைநாட்டில் யாருக்காவது இப்படி நேர்ந்தால், எந்த ரோட்டால் சீக்கிரம் போகலாம் என்று கேட்பதற்கு முன் எந்த ரோடு ஏறாமல் இறங்குகிறது என்று கேளுங்கள்.

அமுக்க அறை ஒரு பெரிய இரும்பு உருளை, வட்டமான தடித்த கண்ணாடி ஜன்னல். போன், லைட்டர், எண்ணெய்ப் பசை, எதையும் உள்ளே விடமாட்டார்கள், ஒட்சிசன் என்பதால் தீப்பிடிக்கும் பயம். கதவை மூடியதும் காற்று பெரிய இரைச்சலோடு உள்ளே வந்தது. காது அடைத்தது, உள்ளே ஒரே வெக்கை. பதினெட்டு மீற்றர் ஆழத்துக்குச் சமமான அமுக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். இருபது நிமிடம் மாஸ்க்கில் ஒட்சிசன், ஐந்து நிமிடம் சாதாரணக் காற்று, திரும்பவும் ஒட்சிசன் என்று ஐந்து மணித்தியாலத்துக்குக் கிட்ட ஓடியது. அமுக்கத்தைக் குறைக்கும்போது உள்ளே குளிர்ந்து பனிமூட்டம் கிளம்பியது, எங்கள் ஊர் விடியற்காலை போல. என் விரலுக்கு உணர்வு திரும்ப அந்தச் சிகிச்சையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. வெளியே வாங்கில், கடலட்டை பிடிக்கச் சிலிண்டர் போட்டு இறங்கும் ஒருவர் பொல்லோடு உட்கார்ந்திருந்தார். என் கதையைக் கேட்டுவிட்டு, "உங்களுக்குக் கை தங்கச்சி, எனக்குக் கால். நான் மூன்று நாள் பிந்தித்தான் வந்தனான்" என்றார். அவருக்கு முன்னால் எனக்கு என் வலியைப் பற்றிப் பேசவே வாய் வரவில்லை.

சிகிச்சை முடிந்ததும் வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்திருந்தேன். முடியாது என்றார்கள். அமுக்க அறையிலிருந்து வந்தவர் விமானம் ஏறக் குறைந்தது மூன்று நாளாவது பொறுக்க வேண்டும், பாதிப்பு மிச்சமிருந்தால் இன்னும் கூட. என் வீடு இருக்கும் உயரத்துக்கும் அதே சட்டம். அம்மா என்னைப் பார்க்க இறங்கி வந்தார், இரண்டு பேரும் தெரிந்தவர் ஒருவர் வீட்டின் முன் அறையில் தங்கினோம். தங்கல், சாப்பாடு, போக்குவரத்து, பிறகு கொழும்பில் தனியாரிடம் எடுத்த ஸ்கேன், கைக்குப் பயிற்சி எல்லாமாக இரண்டு இலட்சம் ரூபாவைத் தாண்டியது. அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போனது. என்னிடம் இருந்த காப்புறுதியில் சுழியோடுதல் சேராது என்று சின்ன எழுத்தில் இருந்தது. டைவ் பண்ணப் போகிறவர்கள் அதற்கென்றே உள்ள காப்புறுதியைப் பாருங்கள். சாதாரணக் காப்புறுதியாக இருந்தால் அந்த ஒரு வரியை முதலில் தேடுங்கள். பணத்தைவிட என்னை வருத்தியது தனியாகக் கிடந்து யோசித்த இரவுகள்தான். கூட இறங்கியவர்கள் எல்லோரும் நன்றாகத்தானே இருக்கிறார்கள், உனக்கு மட்டும் ஏன் என்று கேட்காதவர்கள் இல்லை. அவர்கள் அன்றிரவு கடற்கரையிலேயே தூங்கினார்கள், நான் மலையேறினேன். அதுவும் போக, ஒரே ஆழம் ஒரே நேரம் இறங்கிய இரண்டு பேரில் ஒருவருக்கு மட்டும் வருவது இந்த நோயின் சுபாவம் என்று கடற்படை டொக்டர் சொன்னார்.

சரி, எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும்? விமானத்துக்குச் சொல்லப்படும் வழிகாட்டல்தான் நமக்கும் பாதுகாப்பான அளவு: ஒரே ஒரு முறை இறங்கியிருந்தால் குறைந்தது 12 மணித்தியாலம், இரண்டு முறையோ பல நாட்களோ இறங்கியிருந்தால் 18 மணித்தியாலம். 600 மீற்றருக்கு மேல் உள்ள உயரங்களுக்கு இந்தக் கணக்கு. பதுளையே அதைத் தாண்டுகிறது, பண்டாரவளை 1,230 மீற்றருக்குக் கிட்ட, ஹட்டன் அதைவிடக் கொஞ்சம் கூட. முந்நூறு மீற்றர் தாண்டினாலே சுழியோடிகளின் அட்டவணைகள் அதை உயரமென்று கணக்கெடுக்கின்றன, ஆகவே கண்டிக்குப் போகிறவர்களும் அவசரப்பட வேண்டாம். வீடு தாழ்வில் இருந்தாலும் போகும் வழி உயரமாக இருக்கலாம். ஹிக்கடுவையில் இறங்கிவிட்டு வெல்லவாய வழியாக எல்ல நகருக்கோ ஹப்புத்தளைக்கோ ஏறினாலும் இதே கதைதான். நான் இப்போது சொல்லிக் கொடுப்பது ஒரே ஒழுங்கு: முதல் நாள் காலையில் இறங்குங்கள், அன்றிரவு கீழேயே தங்குங்கள், அடுத்த நாள் பகல் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஒரு இரவு அறை வாடகை கூடும், அவ்வளவுதான். அந்த இரவு மது வேண்டாம், தண்ணீரும் இளநீரும் நிறையக் குடியுங்கள், கொம்பியூட்டர் இரவலாக இருந்தாலும் கழற்றுவதற்கு முன் திரையைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆழமும் நேரமும் அதில் இருக்கும், டொக்டருக்கு அதுதான் தேவை. கடலிலிருந்து மேலே வந்த பிறகு ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சை வரவழையுங்கள், அது இலவசம்.

மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்துக்குள்ளோ காசல்றீ நீர்த்தேக்கத்துக்குள்ளோ இறங்கிப் பழைய டவுனைப் பார்க்கலாமா என்று என் பழைய மாணவர்கள் கேட்கிறார்கள். அதற்கு உயர நீர்நிலையில் சுழியோடும் தனிப் பயிற்சி வேண்டும். அங்கே மேற்பரப்பிலேயே அமுக்கம் குறைவு, கடலுக்கென்று போட்ட அட்டவணை செல்லாது, தண்ணீரும் குளிர், அடியில் மரக்கட்டையும் சேறும். அனுமதியும் வேண்டும். அந்தப் பயிற்சி இல்லாமல் இறங்க வேண்டாம் என்று அவர்களிடம் கெஞ்சியே சொல்லியிருக்கிறேன்.

என் சுண்டுவிரல் நுனி இன்னும் கொஞ்சம் மரத்துத்தான் இருக்கிறது. திரும்ப இறங்கலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார், அடுத்த பருவத்தில் போவேன், அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்க் கல்குடாவில் இரண்டு இரவு தங்குவேன். எல்ல, நுவரெலியா, பண்டாரவளையில் விடுதி நடத்துகிறவர்களுக்கும் வான், ஓட்டோ ஓட்டும் அண்ணன்மாருக்கும் ஒரு வேண்டுகோள்: கிழக்குக் கடற்கரையிலிருந்து நேராக வரும் பயணிகளிடம் எப்போது கடைசியாகக் கடலுக்குள் இறங்கினீர்கள் என்று ஏறுவதற்கு முன்பே கேளுங்கள். இன்று காலையில் என்று சொன்னால், அன்றிரவு அவர்களைக் கீழேயே தங்கவிட்டு அடுத்த நாள் ஏற்றிக்கொண்டு வாருங்கள்.